55,000 ரூபாய் மடிக்கணினி, ஒன்றரை ஆண்டுக்குப் பின்: திரை, பேட்டரி, உடலமைப்பு குறித்த அனுபவங்கள்

பள்ளத்தூர்க் கணக்கர்

அனைவருக்கும் வணக்கம். ஒன்றரை ஆண்டுக்கு முன் 54,500 ரூபாய்க்கு வாங்கிய மடிக்கணினியில் நாள்தோறும் ஆறேழு மணி நேரம் கணக்கு எழுதி வருகிறேன். 15.6 அங்குலத் திரை, 1920க்கு 1080 புள்ளிகள், 42 வாட்-மணி பேட்டரி, முழுவதும் பிளாஸ்டிக் உடல். இதே அமைப்பில் நான்கைந்து நிறுவனங்கள் மடிக்கணினி விற்பதால், எந்த நிறுவனம் என்று எழுதவில்லை. என் மைத்துனர் மகள் இந்த ஆண்டு கல்லூரியில் சேர்கிறாள். "மாமா வைத்திருப்பதையே வாங்கிவிடலாமா?" என்று கேட்டாள். உடனே விடை சொல்ல என்னால் முடியவில்லை.

என் குறைகள் மூன்று. எங்கள் வீட்டில் வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றியுள்ள பத்தியில்தான் (திறந்த தாழ்வாரத்தில்தான்) என் மேசை இருக்கிறது. பகல் பத்து மணிக்கு மேல் முற்றத்து வெளிச்சம் வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர்களில் பட்டுத் திரும்பும்போது, திரையில் எண்களைவிட என் சட்டைதான் தெளிவாகத் தெரிகிறது. இரண்டாவதாக, வாங்கிய புதிதில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் உழைத்த பேட்டரி இப்போது இரண்டரை மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. மூன்றாவதாக, சென்ற மாதம் இடப்பக்கக் கீலின் அருகே மூடியின் ஓரம் விரிந்து, திறக்கும்போதெல்லாம் 'கடக்' என்று ஒலிக்கத் தொடங்கியது. கணினியை நான் ஒருமுறைகூடக் கீழே போட்டதில்லை.

இதே போன்ற கணினியை வைத்திருப்பவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

தேவகோட்டை ஆசிரியை

ஐயா, தாங்கள் சொல்லும் அதே அளவுகள் கொண்ட கணினியை நான் இரண்டு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். வினாத்தாள் தயாரிப்பது, மதிப்பெண் பட்டியல் இடுவது, வாரம் இருமுறை இணையவழி வகுப்பு நடத்துவது ஆகியவையே என் பயன்பாடு. வீட்டின் இரண்டாம் கட்டில் (உட்பகுதியில்) உள்ள அறையில் சன்னலுக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் அமர்கிறேன். அங்கே திரை பாதி வெளிச்சத்திலேயே போதுமானதாக இருக்கிறது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மின்சாரத்தை நிறுத்தும் நாளில்கூட, நடுவில் மூடி வைத்து மூடி வைத்து, வேலையை முடித்துவிடுகிறேன். கீலில் இதுவரை எந்தக் குறையும் இல்லை. ஆகவே, மாணவிக்கு இது போதாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கணினியைவிட அது வைக்கப்பட்ட இடம்தான் தங்களுக்குத் துன்பம் தருகிறதோ என்று தோன்றுகிறது.

காரைக்குடி கண்டாங்கிக் கடை

ஆசிரியை அவர்கள் சொல்வது எழுத்து வேலைக்குப் பொருந்தும். நிறத்தை நம்பிப் பிழைப்பவர்களுக்கு இந்தத் திரை எப்படி அமைந்தது என்பதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நானும் என் தங்கையும் கண்டாங்கிச் சேலைகளை இணையவழியில் விற்கிறோம். 2019ஆம் ஆண்டு காரைக்குடி கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூரிலிருந்து கேட்பவர்கள் கூடினார்கள். ஒளிப்படம் எடுத்து இந்தக் கணினியில்தான் திருத்தினேன். அரக்குச் சேலை திரையில் மங்கிய செங்கல் நிறமாகத் தெரிந்ததால், படத்தில்தான் பிழை என்று எண்ணிச் சிவப்பைக் கூட்டினேன். வாங்கியவர்களின் கைபேசித் திரையில் அதே படம் பளீரென்ற குங்கும நிறமாகத் தெரிந்திருக்கிறது. சேலை வீட்டுக்குப் போனதும், "படத்தில் கண்ட நிறம் இதில்லை" என்று ஒரே மாதத்தில் நான்கு சேலைகள் திரும்பி வந்தன. நெய்தவர் மீதும் குற்றமில்லை, சாயத்தின் மீதும் குற்றமில்லை.

காரணத்தைத் தேடியபோதுதான் விவரத்தாளில் இருந்த "45 விழுக்காடு என்டிஎஸ்சி" என்ற ஒரு வரி கண்ணில் பட்டது. என்டிஎஸ்சி என்பது ஒரு திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதை அளக்கும் பழைய தொலைக்காட்சி அளவுகோல். இணையத்தில் படங்களுக்கு அளவுகோலாகக் கொள்ளப்படும் எஸ்ஆர்ஜிபி நிறவெளியின் (நிறத் தொகுப்பின்) பரப்பு, என்டிஎஸ்சி அளவில் ஏறத்தாழ 72 விழுக்காடு. 45ஐ 72ஆல் வகுத்தால், படத்தில் இருக்க வேண்டிய நிறப்பரப்பில் ஐந்தில் மூன்று பங்குக்குச் சற்று மேல்தான் இந்தத் திரையால் காட்ட முடியும் என்பது விளங்கும். அடர் சிவப்பும் பச்சையும்தான் முதலில் இழக்கப்படுகின்றன. அரக்கும் கிளிப்பச்சையும் இல்லாமல் கண்டாங்கி ஏது?

திரையின் நிறங்களை அளந்து திருத்தும் நிறச்சீரமைப்பு செய்தால் சரியாகும் என்று ஒருவர் சொன்னார். திரையால் உண்டாக்கவே முடியாத நிறத்தை எந்தச் சீரமைப்பும் கொண்டுவராது என்பதை அனுபவத்தில் கண்டேன். கடைசியில் எஸ்ஆர்ஜிபி முழுவதையும் காட்டும் தனித்திரை ஒன்றை 11,000 ரூபாய்க்கு வாங்கி இணைத்தோம். அந்தப் பணத்தை முதலிலேயே சேர்த்திருந்தால் நல்ல திரையுள்ள கணினியே கிடைத்திருக்கும். ஐயா, மருமகள் என்ன படிக்கப்போகிறார் என்பதைத் தெரிவியுங்கள். வடிவமைப்போ காட்சித் தொடர்பியலோ என்றால் இந்தத் திரை வேண்டவே வேண்டாம்.

பள்ளத்தூர்க் கணக்கர்

மிக்க நன்றி, அம்மா. அவள் சேரவிருப்பது கட்டடக்கலை. வரைபடமும் நிறமும் இரண்டுமே அவளுக்கு வேண்டியிருக்கும். தங்கள் பதிவை அவளிடம் காட்டினேன்.

மின்வேதியியல் படித்தவன்

பேட்டரியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நான் வளர்ந்தது சிக்ரி வளாகத்துக்கு அருகில். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953இல் திறக்கப்பட்ட அந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைத் தினமும் பார்த்து வளர்ந்ததால்தான் இந்தத் துறையைப் படித்தேன். ஆகவே சற்று நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கர் ஐயா முதலில் ஓர் அளவை எடுக்க வேண்டும். விண்டோஸில் பேட்டரி அறிக்கை தரும் கட்டளை ஒன்று உண்டு. அதில் வடிவமைப்புக் கொள்ளளவு, இப்போதைய முழுக் கொள்ளளவு என்ற இரண்டு எண்கள் வரும். முதல் எண் 42,000 மில்லிவாட்-மணி என்று இருக்கும். இரண்டாவது எண்ணை இங்கே எழுதுங்கள். பேட்டரி தேய்ந்ததா, கணினி கூடுதலாக மின்சாரம் உண்கிறதா என்பதை அப்போதுதான் பிரித்துச் சொல்ல முடியும். நேரக் கணக்கு எளிது: 42 வாட்-மணியை 8 வாட் செலவால் வகுத்தால் ஐந்தேகால் மணி நேரம், 12 வாட்டால் வகுத்தால் மூன்றரை மணி நேரம்.

இன்னொன்றையும் சொல்லுங்கள்: சார்ஜரை எப்போதும் செருகியே வைத்திருப்பீர்களா?

பள்ளத்தூர்க் கணக்கர்

இரண்டாவது எண் 31,700 என்று காட்டுகிறது. ஆம், சார்ஜர் காலை முதல் இரவு வரை செருகியே இருக்கும். மாதம் ஒருமுறை பேட்டரியை முழுவதும் காலியாக்கி மீண்டும் நிரப்ப வேண்டும் என்று கடையில் சொன்னதால் அதையும் தவறாமல் செய்து வருகிறேன். அவ்வளவு ஒழுங்காகப் பேணியும் இப்படி ஆனதுதான் எனக்கு வருத்தம்.

மின்வேதியியல் படித்தவன்

அந்த ஒழுங்குதான், ஐயா, ஓரளவு காரணம். கடைக்காரர் சொன்னது பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரிகளுக்கு உரிய அறிவுரை. பாதி தீர்ந்த நிலையிலேயே மீண்டும் மீண்டும் நிரப்பினால் கொள்ளளவு குறைவதை நினைவு விளைவு என்பார்கள். தங்கள் கணினியில் உள்ள லித்தியம் அயனிக் கலத்துக்கு (பேட்டரி அலகுக்கு) அது கிடையாது. முழுவதும் காலியாக்குவது அதற்கு நன்மை செய்வதில்லை. மீதமுள்ள விழுக்காட்டைக் கணினி தவறாகக் காட்டினால் மட்டும் எப்போதாவது ஒருமுறை செய்யலாம்.

31,700 என்றால் 75 விழுக்காடு மீதம். அதற்கு 8 வாட் செலவில் ஏறத்தாழ நான்கு மணி நேரம் வர வேண்டும். இரண்டரை மணி நேரத்தில் தீர்வதால், தேய்வோடு கணினியும் கூடுதலாக மின்சாரம் உண்கிறது. இந்த வகைக் கலங்கள் 300 முதல் 500 முழுச் சுழற்சிகளில் (முழுதும் தீர்ந்து மீண்டும் நிரம்புவது ஒரு சுழற்சி) 80 விழுக்காட்டுக்கு வருவது இயல்பு. ஆனால் தாங்கள் சார்ஜரிலேயே வைத்திருந்ததால் அத்தனை சுழற்சிகள் நடந்திருக்க வாய்ப்பில்லை. அப்படியானால் தேய்வு எங்கிருந்து வந்தது? கலம் பயன்பாட்டால் மட்டும் முதிர்வதில்லை, சும்மா இருந்தும் முதிர்கிறது. முழுதாக நிரம்பிய கலத்தின் மின்னழுத்தம் 4.2 வோல்ட். அந்த உயர் அழுத்த நிலையில் உள்ளிருக்கும் மின்பகு திரவம் மின்முனைகளோடு மெல்ல வினைபுரிந்துகொண்டே இருக்கும். எதிர்முனையின் மேல் படியும் மெல்லிய படலம் தடித்துக்கொண்டே போகும். அந்தப் படலத்தில் சிக்கிய லித்தியம் மீண்டும் ஓடி வராது. வெப்பம் ஏற ஏற இந்த வினை விரைவாகும், 10 பாகை கூடினால் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்று கொள்ளலாம். சித்திரை வெயிலில் நம் ஊர் அறைக்குள்ளேயே 35 பாகைக்கு மேல் இருக்கிறது. சார்ஜர் செருகிய கணினியின் வயிற்றுக்குள் இன்னும் பத்துப் பாகையாவது கூடுதலாக இருக்கும். நிரம்பிய கலம், சூடான இடம், நாள் முழுவதும்: மூன்றும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன.

தேய்வைக் குறைக்கச் செய்ய வேண்டியது ஒன்றுதான். பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் மென்பொருளிலோ கணினி தொடங்கும்போதே இயங்கும் பயாஸ் அமைப்பிலோ சார்ஜை 80 விழுக்காட்டோடு நிறுத்தும் வசதியைத் தந்திருக்கின்றன. அதை இன்றே இயக்குங்கள். இழந்த கொள்ளளவு திரும்பாது, ஆனால் இனித் தேய்வது வெகுவாகக் குறையும். மின்தடை அறிவிக்கப்பட்ட நாளுக்கு முந்தைய இரவு மட்டும் 100 வரை நிரப்பிக்கொள்ளலாம்.

எல்லாரும் கவனிக்க வேண்டிய எச்சரிக்கை ஒன்று. தொடுபலகை (டச்பேட்) மேலே தூக்கிக்கொண்டு நின்றாலோ, கணினி மேசையில் சமமாக உட்காராமல் ஆடினாலோ, பேட்டரி உப்பியிருக்கக்கூடும். அதை அழுத்தி மூடாதீர்கள், குத்தாதீர்கள், மீண்டும் சார்ஜ் செய்யாதீர்கள். அணைத்து, அன்றே பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோய் மாற்றிவிடுங்கள்.

தேவகோட்டை ஆசிரியை

இப்போதுதான் என் கணினியின் அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். 37,900 என்று வந்திருக்கிறது, 90 விழுக்காடு. இரண்டு ஆண்டில் இவ்வளவு மீதம் இருப்பது எனக்கே வியப்பாக இருக்கிறது. வேலை முடிந்ததும் செருகியைப் பிடுங்கிவிட வேண்டும் என்பது என் தந்தையார் கற்றுத்தந்த பழக்கம். மின்கட்டணத்துக்காகச் செய்தது பேட்டரியையும் காத்திருக்கிறது.

காரைக்குடி பழுதுநீக்குநர்

கீலைப் பற்றி எழுதலாம் என்று வந்தேன். என் மேசைக்கு வாரத்துக்கு மூன்று கணினிகளாவது கீல் உடைந்து வருகின்றன. "கீழே போட்டீர்களா?" என்று நான் கேட்பதை விட்டுவிட்டேன். பெரும்பாலோர் போட்டிருக்கவில்லை.

உள்ளே நடப்பது இதுதான். கீல் என்பது எஃகுத் துண்டு, அது வலுவானது. அதைத் திருகுகள் கொண்டு கீழ்ப்பகுதியில் பிணைக்கிறார்கள். அந்தத் திருகுகள் இறங்குவது உலோகச் சட்டத்துக்குள் இல்லை. பிளாஸ்டிக் உடலிலேயே வார்க்கப்பட்ட சிறு தூண்களுக்குள் சூடாக்கி அழுத்திய பித்தளை மரைகளுக்குள் இறங்குகின்றன. ஒரு தூண் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. மூடியைத் திறக்கும்போது எழும் விசை முழுவதும் ஒரு பக்கத்துக்கு மூன்று அல்லது நான்கு தூண்களில் போய் நிற்கிறது. புதிதாக இருக்கையில் கீல் வழவழவென்று சுழலும். ஓராண்டில் அதிலுள்ள மசகு உலர்ந்து, தூசி சேர்ந்து, கீல் இறுகுகிறது. எஃகு வளைய மறுக்கும்போது பிளாஸ்டிக் வழிவிடுகிறது. ஒரு மரை பிடுங்கிக்கொண்டால் அதன் சுமை அடுத்த தூணுக்குப் போகும். பிறகு நாட்கணக்கில் எல்லாம் பெயர்ந்துவிடும்.

நம் வீட்டு நிலைக்கதவுகளைப் பாருங்கள். ஆள் உயரத்துக்கு மேல் உள்ள பர்மாத் தேக்குக் கதவு நூறாண்டாகக் குடுமியில், அதாவது மேலும் கீழும் உள்ள சுழல்முனையில், சுழல்கிறது. அதன் பாரம் முழுவதும் குடுமியின் வழியாக நேராகக் கீழே இறங்குகிறது. இங்கோ பாரம் பக்கவாட்டில் நெம்புகிறது. நெம்பும் இடத்தில் பிளாஸ்டிக்கை வைத்தது வடிவமைத்தவர்களின் முடிவு, பயன்படுத்துபவரின் குற்றம் அன்று. இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

ஆனாலும் பயன்படுத்துபவர் கையில் ஒன்று இருக்கிறது. மூடியின் ஓர் ஓரத்தைப் பிடித்துத் திறந்தால் அந்தப் பக்கக் கீலே முழு விசையையும் தாங்குகிறது. வலக்கையில் தொலைபேசியை வைத்துக்கொண்டு இடக்கையால் திறப்பவர்களுக்கு இடக்கீல்தான் முதலில் போகும். நடுவில் பிடித்துத் திறக்க வேண்டும்.

கணக்கர் ஐயாவுக்கு: ஓரம் விரிந்து ஒலி வருகிறது என்றால் ஒன்றிரண்டு மரைகள் மட்டுமே பெயர்ந்திருக்கும். இந்த நிலையில் கொண்டுவந்தால், தூணைச் சுத்தம் செய்து, எப்பாக்சி வைத்து மரையை மீண்டும் பதித்து, கீலின் இறுக்கத்தைக் கால் சுற்றுத் தளர்த்திக் கொடுப்பேன். 1,200 ரூபாய் ஆகும். திறந்து மூடிக்கொண்டே இருந்தால், கீலின் ஊடே திரைக்குப் போகும் நாடாக் கம்பி நசுங்கித் திரையில் கோடுகள் வரும். பிறகு உடல், கம்பி, சில நேரங்களில் திரை என்று செலவு பத்தாயிரத்தைத் தொடும். என்னிடம் கொண்டுவரும்வரை மூடியைத் திறந்தபடியே வைத்திருங்கள், மூடாதீர்கள்.

கானாடுகாத்தான் வாசகர்

பிளாஸ்டிக் வேண்டாம் என்று எண்ணி இதே விலையில் அலுமினிய உடல் கொண்ட ஒன்றை வாங்கியவன் நான். கீல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சார்ஜர் செருகியிருக்கும்போது உள்ளங்கையை வைத்தால் எறும்பு ஊர்வது போலச் சுரீர் என்கிறது. வெறுங்காலோடு ஆத்தங்குடிக் கல் தரையில் உட்கார்ந்தால் இன்னும் கூடுதலாக உணர்கிறேன். கணினியைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

மின்வேதியியல் படித்தவன்

முதலில் வீட்டின் மின்செருகியைப் பாருங்கள். தங்கள் சார்ஜர் மூன்று முள் கொண்டதாக இருந்தும், பழைய வீட்டின் செருகியில் நில இணைப்பு (எர்த்) இல்லாமலிருந்தால் இப்படித்தான் ஆகும். சார்ஜருக்குள் மின்னிரைச்சலை வடிகட்டும் சிறு மின்தேக்கிகள் உண்டு. நில இணைப்பு இல்லாதபோது அவற்றின் வழியே கணினியின் உலோக உடல் 230 வோல்ட்டில் ஏறத்தாழ பாதி அழுத்தத்தில் மிதக்கும். பாயும் மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் சுரீர் என்பதோடு நிற்கிறது. ஈரத் தரையும் வெறுங்காலும் அதைக் கூட்டிக் காட்டும். மின்பணியாளரை அழைத்து அந்த ஒரு செருகிக்காவது முறையான நில இணைப்பு கொடுங்கள். அதன் பிறகும் உணர்ந்தால் சார்ஜரை மாற்றுங்கள். மூன்று முள்ளில் தடித்த முள்ளை ஒடித்துவிட்டு இரண்டு முள் செருகியில் நுழைப்பவர்கள் இருக்கிறார்கள். அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

கானாடுகாத்தான் வாசகர்

பார்த்தேன். மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை. மின்பணியாளர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.

தேவகோட்டை ஆசிரியை

பழுதுநீக்குநர் அவர்களின் விளக்கத்தைப் படித்தபின் ஒரு கேள்வி எழுகிறது. கீல் உடைவது வடிவமைப்புக் குறை என்றால், உத்தரவாதக் காலத்துக்குள் அதை இலவசமாகத்தானே சரிசெய்து தர வேண்டும்? என் சகோதரரின் கணினி பதினோராம் மாதத்தில் உடைந்தபோது, "இது புறச்சேதம், உத்தரவாதத்தில் வராது" என்று சொல்லி 9,000 ரூபாய் கேட்டார்கள். அந்தச் சேவை மையத்துக்காக இரண்டு முறை மதுரைக்குப் பயணம் செய்ததும் வீணாயிற்று. அவர் மனம் உடைந்து, உள்ளூரிலேயே கொடுத்துச் சரிசெய்துகொண்டார்.

சிவகங்கை வழக்கறிஞர்

மனம் உடைய வேண்டியதில்லை, அம்மா. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யலாம். பல நிறுவனங்கள் அந்த நிலையிலேயே இறங்கி வருகின்றன. தீராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் அங்கே போக வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். விலைச்சீட்டு, சேவை மையம் எழுத்தில் தந்த மறுப்பு, உடைந்த இடத்தின் படம் ஆகிய மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். வாய்மொழியாக மறுத்தால், மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வெளியே பழுது நீக்கும் முன் அந்தப் படத்தை எடுத்துவிடுவது மிகவும் இன்றியமையாதது. உள்ளே மரைகள் பிடுங்கியிருப்பதும் வெளியே அடிபட்ட தடம் இல்லாததும்தான் இது புறச்சேதம் அன்று என்பதற்குச் சான்று.

காரைக்குடி பழுதுநீக்குநர்

இனிமேல் நான் திறக்கும் ஒவ்வொரு கணினிக்கும் படம் எடுத்துக் கொடுப்பேன். இத்தனை நாள் இது எனக்குத் தோன்றவில்லை.

பள்ளத்தூர்க் கணக்கர்

நண்பர்களே, மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கீலைப் பழுதுநீக்குநரிடம் கொடுத்தேன். பிடுங்கியவை இரண்டு மரைகள், சொன்ன தொகைக்கே சரியாக்கிக் கொடுத்தார். சார்ஜை 80இல் நிறுத்தியிருக்கிறேன். மேசையைப் பத்தியிலிருந்து உள்ளறைக்கு மாற்றினேன். நிழலான திறந்தவெளியில்கூட ஒளி 10,000 லக்ஸ் (ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தின் அலகு) அளவில் இருக்கும் என்றும், அறைக்குள் 300 முதல் 500 வரைதான் என்றும் மருமகள் தன் கைபேசியில் அளந்து காட்டியபோது, 250 நிட்ஸ் (திரையின் ஒளிர்வு அலகு) மட்டுமே உள்ள என் திரையை நான் எந்த இடத்தில் வைத்து வருத்தியிருக்கிறேன் என்பது புரிந்தது. 300 நிட்ஸ் திரை வாங்கினாலும் அந்தப் பத்தியில் பெரிய வேறுபாடு இருந்திராது.

அவளுக்கு மதுரையில் நேரில் பார்த்து வாங்கினோம். பெயரை வைத்துத் தேர்ந்தெடுக்கவில்லை. எஸ்ஆர்ஜிபி 100 விழுக்காடு காட்டும் 14 அங்குல ஐபிஎஸ் திரை (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத வகை), 1920க்கு 1200 புள்ளிகள், 56 வாட்-மணி பேட்டரி. விலை 63,000 ரூபாய். நினைத்ததைவிட 8,500 ரூபாய் கூடுதல். கண்டாங்கிக் கடை அம்மாவின் தனித்திரைக் கணக்கை எண்ணிப் பார்த்து, மைத்துனரும் இசைந்தார். கடையில் அம்மா அனுப்பிய அரக்குச் சேலைத் துண்டைத் திரையில் தெரிந்த படத்துக்கு அருகில் பிடித்துப் பார்த்தோம். கடைப் பையன் முதலில் விழித்தாலும், பிறகு அவனே மற்ற இரண்டு கணினிகளிலும் அந்தப் படத்தைத் திறந்து காட்டினான். ஒன்றில் செங்கல் நிறம்தான் வந்தது. மூடியை ஒரு விரலால் நடுவில் தூக்கித் திறந்து, கீழ்ப்பகுதி எழாமல் இருக்கிறதா என்றும் பார்த்தோம்.

வீட்டுக்கு வந்த அன்றே பேட்டரி அறிக்கையை எடுத்தோம். வடிவமைப்பு 56,000, முழுக் கொள்ளளவு 56,900. அந்தத் தாளை விலைச்சீட்டோடு சேர்த்து என் பேரேட்டில் ஒட்டியிருக்கிறேன். விடுதிக்குப் போகும் முன் ஒரு ஐயம்: விடுமுறையில் ஒரு மாதம் கணினியைத் தொடாமல் வைக்க நேர்ந்தால் எவ்வளவு சார்ஜில் வைப்பது?

மின்வேதியியல் படித்தவன்

ஐம்பது விழுக்காடு அளவில் வைத்து, முழுவதும் அணைத்து, வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில் வையுங்கள். நெல் வைக்கும் அறை போதும். மச்சில் வேண்டாம்.